ரீலோடிங் கருவிக் கம்பெனிகளின் கஸ்டமர் சர்வீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீலோடிங் என்றால் என்ன? அதில் கஸ்டமர் சர்வீஸைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

சுட்டு முடித்த தோட்டாவில் பித்தளை உறை அப்படியே மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, விரிந்துபோனதைப் பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமர் (அடியில் தட்டினால் தீப்பொறி தரும் சின்ன மூடி), பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, செய்து விற்பதற்கு என்றால்தான் வேண்டும். அதனால் இலக்குச் சுடும் போட்டிக்குப் போகிறவர்கள், மான் வேட்டைக்குப் போகிறவர்கள் என்று நிறையப் பேர் வீட்டு கராஜில் ஒரு பெஞ்ச் போட்டு, அதில் ஒரு பிரஸ்ஸை (கைப்பிடியை இழுத்தால் உறையை அழுத்தும் மெஷின்) போல்ட் அடித்து இதைச் செய்கிறார்கள். நானும் பல வருஷமாகச் செய்கிறேன்.

இந்த மெஷினின் கைப்பிடியை வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இழுக்கிறோம். சின்ன ஸ்பிரிங், பிளாஸ்டிக் புஷ், ஊசி மாதிரி ஒரு பின் எல்லாம் தேயும், உடையும். உடைந்தால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்காது, செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், ஒரு பாகம் சரியில்லாமலே தொடர்ந்து ஓட்டினால் ஒரு உறையில் பவுடர் விழாமல் போகலாம், இன்னொன்றில் இரண்டு மடங்கு விழலாம். பவுடர் இல்லாததைச் சுட்டால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம், அதன் மேல் அடுத்ததைச் சுட்டாலோ இரண்டு மடங்கு விழுந்ததைச் சுட்டாலோ துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். ஆகவே போனை எடுப்பவருக்கு மெஷின் தெரிந்திருக்க வேண்டும். மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் சர்வீஸ் கேட்பது போன்ற விஷயம் இல்லை இது.

எந்தெந்தக் கம்பெனிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்த உலகத்தில் எல்லோரும் நிறத்தை வைத்துத்தான் பேசுவார்கள். நீலம் என்றால் அரிசோனாவின் டில்லன் பிரிசிஷன். பச்சை என்றால் பெரும்பாலும் ஆர்சிபிஎஸ், 1943ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன் தொடங்கியது. சிவப்பில் இரண்டு பேர்: நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் ஹார்னடி, விஸ்கான்சினின் ஹார்ட்ஃபோர்டில் லீ பிரிசிஷன். ஆரஞ்சு, கனெக்டிகட்டின் லைமன். 1878ல் தொடங்கிய அதுதான் இவர்களில் மூத்தது. நியூயார்க் மாநிலம் கார்ட்லேண்டில் ரெடிங், இல்லினாய்ஸில் ஃபார்ஸ்டர், ஷாட்கன் தோட்டாவுக்கு விஸ்கான்சினின் மெக். முக்கியமான பெயர்கள் இவைதான். பெரும்பாலும் சின்ன ஊர்கள், பலதும் ஒரு குடும்பம் தொடங்கியவை.

டில்லனின் "நோ பி.எஸ்." வாரண்டி உண்மையிலேயே அவ்வளவு நல்லதா?

ஆமாம். வளவள பேச்சு இல்லாத வாரண்டி என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வைத்த பெயர் இதைவிடக் கொஞ்சம் காரமானது. மைக் டில்லன் டிடபிள்யூஏ விமானக் கம்பெனியில் விமானியாக இருந்தவர், அப்புறம் தனக்கு வேண்டிய வேகத்தில் தோட்டா செய்யும் மெஷின் சந்தையில் இல்லை என்று தானே செய்யத் தொடங்கி அதையே தொழிலாக்கிக்கொண்டார். 2016ல் காலமானார். அவர் வைத்துவிட்டுப் போன விதி எளிமையானது: வீட்டு உபயோகத்துக்கான மெஷினில் எந்தப் பாகம் உடைந்தாலும், தேய்ந்தாலும், அந்த மெஷின் இருக்கும்வரை இலவசமாக மாற்றித் தருவது. முதல் முதலாக வாங்கியவர் நீங்களா என்ற கேள்வி இல்லை.

நான் முதன்முதலில் போன் செய்தபோது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, சீரியல் நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்து, வாதாட வேண்டியிருக்குமோ என்று மனசைத் தயார் செய்து உட்கார்ந்திருந்தேன். எடுத்தவர் பில் கேட்கவே இல்லை. எந்த மாடல், எந்த இடத்தில் சிக்குகிறது, கைப்பிடி மேலே போகும்போதா கீழே வரும்போதா என்று கேட்டார். பதிலைக் கேட்டதும், "உடைந்த பாகத்தோடு பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்கையும் அனுப்புகிறேன், அதுதான் இதை உடைத்திருக்கும்" என்றார். நான் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே கவர் வந்துவிட்டது. கேட்டதைக் கொடுப்பது சுலபம். கேட்கத் தெரியாததையும் யோசித்து அனுப்பினாரே, அதைத்தான் நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வணிக ரகப் பெரிய மெஷின்களான சூப்பர் 1050, அதற்குப் பின் வந்த ஆர்எல் 1100 ஆகியவற்றுக்கு வாரண்டி ஒரு வருஷம்தான். மின்சாரத்திலும் எலெக்ட்ரானிக்ஸிலும் ஓடும் பாகங்களுக்கும் அதேதான். "டில்லன் என்றால் ஆயுள் முழுக்க" என்று நினைத்து 1100ஐ வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் கம்பெனி இதை ஒளித்து வைக்கவில்லை, வாங்குவதற்கு முன்பே படித்துப் பார்க்கலாம்.

லீ கம்பெனி 2 வருஷம்தான் கொடுக்கிறது. அப்படியென்றால் சர்வீஸ் மோசமா?

இல்லை, இதில் லீக்குப் பலர் அநியாயம் செய்கிறார்கள் என்பது என் கருத்து. முதலில் விலையைப் பாருங்கள். இந்தத் துறையிலேயே மலிவு அவர்கள்தான், 1958ல் ரிச்சர்ட் லீ தொடங்கியதிலிருந்து சாமானியன் வாங்கக்கூடிய கருவி என்பதுதான் அவர்கள் வழி. டை (பிரஸ்ஸில் மாட்டி உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) செட் வாங்கினால் உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், பவுடர் அளக்கும் கரண்டி, அளவுப் பட்டியல் எல்லாம் அதே பெட்டியில் இருக்கும், மற்றவர்களிடம் ஷெல் ஹோல்டரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், 2 வருஷம் முடிந்தால் கதை முடிந்துவிடுவதில்லை. இப்போதும் தயாரிப்பில் இருக்கும் எந்த லீ பொருளையும், எவ்வளவு பழசானாலும், எந்த நிலையில் இருந்தாலும், இன்றைய விலையில் பாதியைச் சேர்த்து ஃபாக்டரிக்கு அனுப்பினால் புதிது போல ஆக்கி, புது வாரண்டியோடு திருப்பி அனுப்புவார்கள் என்பது அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கும் விதி. முதல் விலையே குறைவு, அதில் பாதி என்றால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டையில் இருக்கும் பின் உடைந்துவிட்டது. என்ன செய்வது?

ரீலோடிங்கில் மிக அதிகமாக உடைவது இந்த டீகேப்பிங் பின்தான். பழைய பிரைமரைத் தள்ளி வெளியே எடுக்கும் மெல்லிய கம்பி அது. உறையின் அடியில் நடுவே ஒரு துளை இருந்தால் (பாக்ஸர் முறை) பின் நேராக அதில் நுழையும். சில வெளிநாட்டு உறைகளில் நடுவில் துளை இருக்காது, ஓரமாக இரண்டு சின்னத் துளை இருக்கும் (பெர்டான் முறை). கவனிக்காமல் அதை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் பின் படக்கென்று முறியும். பாக்ஸர் ஒரு ஆங்கிலேயர், பெர்டான் ஒரு அமெரிக்கர், ஆனால் அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கொண்டது, ஐரோப்பாவில் பெர்டான் வேரூன்றியது.

ஆர்சிபிஎஸ்ஸும் ஹார்னடியும் இந்தப் பின்னை ஒரு போன் காலுக்கே அனுப்பிவைத்துத்தான் இவ்வளவு நல்ல பெயரைச் சம்பாதித்தார்கள். நாங்கள் எல்லோரும் எங்காவது ஒரு டப்பாவில் ஐந்தாறு பின் வைத்திருப்போம், பாதி இலவசமாக வந்ததாக இருக்கும். லீ வேறு வழியில் யோசித்தது. அவர்கள் டையில் பின் தனியாக இல்லாமல் தடித்த ஒரே கம்பியாக இருக்கும், மேலே ஒரு நட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், தாங்க முடியாத அழுத்தம் வந்தால் கம்பி உடையாமல் மேலே வழுக்கிவிடும். போன் செய்யவே தேவையில்லாமல் செய்ததும் ஒரு சர்வீஸ்தான், அதைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

உறை டைக்குள் சிக்கிக்கொண்டது. வெளியே வரவில்லை.

உறைக்குத் தடவும் மசகு போதவில்லை, அதுதான் காரணம். ரைஃபிள் உறைகளில் எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும். சுத்தியலால் அடிக்காதீர்கள். உறையின் அடியைத் துளையிட்டு, மரை போட்டு, போல்ட்டால் இழுக்கும் கிட் ஒன்று விற்கிறது, அதை வாங்கலாம். இல்லையென்றால் டையையே செய்தவருக்கு அனுப்பினால் எடுத்துக் கொடுப்பார்கள், அனுப்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இலவசமாகக் கொடுத்தால் அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

இந்தக் கேள்வியை நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் காரணம் மரை. டையின் வெளிப்புற மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி என்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே அளவில் செய்கிறார்கள். பச்சை டை சிவப்பு பிரஸ்ஸில் ஏறும், சிவப்பு டை நீல பிரஸ்ஸில் ஏறும். டில்லனின் ஸ்கொயர் டீல் மாதிரி தனி டை கேட்கும் விதிவிலக்குகள் மிகக் குறைவு. அப்படியென்றால் வாங்கியவனைக் கட்டிப்போட கம்பெனியிடம் எந்தக் கயிறும் இல்லை. கோபம் வந்தால் அடுத்த டையை வேறு நிறத்தில் வாங்கிவிடுவான், பழைய பிரஸ்ஸை மாற்றக்கூட வேண்டாம். பிரிண்டர் கம்பெனிக்காரர்கள் மை டப்பாவில் நம்மைப் பிடித்துவைத்திருப்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இரண்டாவது, பாகத்தின் விலை. பின்னும் ஸ்பிரிங்கும் செய்ய ஆகும் செலவு சில சென்ட், கவரில் ஒட்டும் தபால்தலை அதைவிட அதிகமாக இருக்கும். பில்லைக் கொண்டா, தேதியைக் காட்டு என்று ஒருவரை உட்காரவைத்து விசாரித்தால் அவருடைய சம்பளம்தான் அதிகம். கொடுத்துவிட்டுப் போவது மலிவு.

மூன்றாவதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். போன் செய்கிற ஒவ்வொருவரும் எந்தப் பாகம் எங்கே உடைகிறது என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரே பாகத்துக்கு நூறு பேர் கூப்பிட்டால் அந்தப் பாகத்தின் வடிவத்தில் குறை இருக்கிறது என்று அர்த்தம். டில்லன் 550 எடுத்துக்கொள்ளுங்கள், 1980களில் வந்த மெஷின், பி, சி என்று எழுத்து மாறி இன்றும் விற்பனையில் இருக்கிறது. கேட்கிற காது இருந்ததால்தான் இவ்வளவு காலம் நிற்கிறது என்று நம்புகிறேன். இதே வேலையைக் கமிஷனுக்காக வெளி கால் சென்டரில் கொடுத்திருந்தால் அந்தத் தகவல் ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

போன் செய்வதா, மெயில் அனுப்புவதா?

சிக்கல் எங்கே என்று தெரியாவிட்டால் போன். பாகம் எண் தெரிந்திருந்தால் மெயில் போதும், ஒரு படம் சேர்த்து அனுப்புங்கள். போன் செய்யும் முன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், அவர் "இந்த ஸ்க்ரூவைத் திருப்பிப் பாருங்கள்" என்பார், மாடியில் உட்கார்ந்துகொண்டு பேசினால் பயனில்லை. மேனுவலில் எல்லாப் பாகங்களும் பிரித்துக் காட்டிய படம் இருக்கும், அதில் எண்ணைப் பார்த்துச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

தப்பு என்னுடையது. நான்தான் உடைத்தேன். மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். நேரிலும் பலரிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை நான் ஷெல் பிளேட் (உறைகளைப் பிடித்துச் சுழலும் தட்டு) போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி மரையை நாசம் செய்துவிட்டேன். என் முட்டாள்தனம்தான், எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள், கார்டு நம்பர் தருகிறேன் என்றேன். பணம் வேண்டாம் என்றார்கள். எப்போதும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சில நேரம் பணம் கேட்பார்கள், அது நியாயம். ஆனால் "தானாக உடைந்தது" என்று பொய் சொன்னால் அவர்கள் தப்பான இடத்தில் குறையைத் தேடுவார்கள், அதோடு இந்த மாதிரி வாரண்டி இன்னும் உயிரோடு இருப்பதே பெரும்பாலானவர்கள் நேர்மையாக இருப்பதால்தான்.

பவுடர் அளவைப் பற்றிக் கேட்டால் "புத்தகத்தைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். இது மோசமான சர்வீஸ் இல்லையா?

இல்லை. இதைவிட நல்ல சர்வீஸ் கிடையாது. பவுடர் கம்பெனியும் குண்டு செய்யும் கம்பெனியும் அழுத்தம் அளக்கும் கருவியை வைத்துச் சோதித்துத்தான் அளவை அச்சிடுகிறார்கள், போனில் ஒருவர் நினைவிலிருந்து சொல்லும் எண்ணில் ஒரு புள்ளி இடம் மாறினால் யாருடைய கண்ணோ போகும். உங்கள் மெஷின் சீராக அளக்கவில்லை என்றால் மணிக்கணக்காகப் பேசுவார்கள், எவ்வளவு போட வேண்டும் என்றால் அச்சிட்ட புத்தகத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஒருமுறை என் விவரத்தைக் கேட்ட டெக்னீஷியன், "இன்றைக்கு நிறுத்துங்கள், இதுவரை செய்த அந்த டப்பாவில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள், எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள்" என்றார். 200 தோட்டா. ஒவ்வொன்றாகப் பிரித்தேன், மூன்றில் பவுடரே இல்லை. அவர் எனக்கு எதையும் விற்கவில்லை, எதையும் அனுப்பவும் இல்லை.

"லைஃப்டைம் வாரண்டி" என்றால் யாருடைய ஆயுள்?

சரியான கேள்வி. அமெரிக்காவில் 1975ல் வந்த மேக்னுசன் மாஸ் சட்டத்தின்படி, எழுத்தில் வாரண்டி கொடுத்தால் அது முழு வாரண்டியா, வரம்புக்குட்பட்டதா என்று பெயரிட வேண்டும், சாதாரண மனிதனுக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும். ஆயுள் என்று சொன்னால் யாருடைய ஆயுள் என்றும் தெளிவாக்க வேண்டும் என்பது வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல். முதலில் வாங்கியவர் வைத்திருக்கும்வரை என்பதும், மெஷின் இருக்கும்வரை என்பதும் ஒன்றல்ல. "முதல் உரிமையாளர்" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள், மீதி எல்லாம் அப்புறம்.

பழைய மெஷினை வாங்கலாமா?

தாராளமாக. வார்ப்பிரும்பில் செய்த, ஆர்சிபிஎஸ்ஸின் ராக் சக்கர் மாதிரியான பிரஸ் ஒரு தலைமுறையைத் தாண்டியும் ஓடும். என் பெஞ்சில் இருப்பது இறந்துபோன ஒரு நண்பருடையது, அவர் மனைவி கொடுத்தது. வாங்கியதும் கம்பெனிக்குச் சொல்லி மேனுவல் கேளுங்கள், எந்தப் பாகம் புதுப்பித்தது, எது பழைய வடிவம் என்று விசாரியுங்கள். முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து தேய்ந்ததை மாற்றித் தர ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ளும் கம்பெனியும் உண்டு, புது மெஷினோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

2020ல் யாரும் போனையே எடுக்கவில்லையே?

உண்மைதான். 2012 டிசம்பருக்குப் பிறகு ஒருமுறை, 2020லிருந்து இன்னொருமுறை, தோட்டாவுக்கும் பிரைமருக்கும் பெரிய தட்டுப்பாடு வந்தது. கடையில் தோட்டா கிடைக்காததால் ரீலோடிங்கே தெரியாதவர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரஸ் வாங்கினார்கள், வாங்கிய எல்லோருக்கும் சந்தேகம், எல்லோரும் போன் செய்தார்கள். அந்தச் சமயத்தில் நான் இரண்டு கம்பெனியிடம் பாகம் கேட்டிருந்தேன். ஒருவர் "11 வாரம் ஆகும், மன்னிக்கவும்" என்றார், பத்தாவது வாரம் வந்தது. இன்னொரு கம்பெனி, பெயர் வேண்டாம், "அடுத்த வாரம்" என்று ஐந்து தடவை சொன்னது. ஆறாவது தடவை நான் கேட்கவில்லை, ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். எனக்குக் கோபம் தாமதத்தில் இல்லை, 11 வாரம் என்று சொன்னவருக்கு நான் இன்றும் வாடிக்கையாளன்.

எலெக்ட்ரானிக் தராசு, தானாகப் பவுடர் கொட்டும் கருவி இவற்றுக்கும் இதே மாதிரி சர்வீஸ் உண்டா?

எதிர்பார்க்காதீர்கள். இரும்புக்குக் கொடுக்கும் வாக்கை யாரும் சர்க்யூட் போர்டுக்குக் கொடுப்பதில்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தியாவில் இதை வாங்கிச் செய்யலாமா?

1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒரு காலி உறைகூட மறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் பெரிய வம்பாகிவிடும்.

மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். எப்படி அனுப்புவது?

பவுடர் டப்பாவைக் காலி செய்து பிரஷ்ஷால் துடையுங்கள். பிரைமர் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. கீழே விழுந்த பிரைமர் மெஷினின் சந்தில் சிக்கியிருக்கலாம், அதனால் ஷெல் பிளேட்டைக் கழற்றி அடியிலும் பாருங்கள். பிரைமர் வெடிபொருள், கூரியரில் அதைச் சொல்லாமல் அனுப்புவது குற்றம், அதோடு அந்தப் பெட்டியைத் திறக்கப்போவது உங்கள் போனை எடுத்த அதே டெக்னீஷியனாக இருக்கலாம். கைப்பிடியைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றுங்கள். என்ன சிக்கல் என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் போன் நம்பரோடு, முடிந்தால் மக்கர் செய்த இரண்டு காலி உறையையும் ஒரு சின்னக் கவரில் போட்டு மேலாக வையுங்கள். அந்த உறையில் இருக்கும் கீறலைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.